குரலுக்குப் பத்து மதிப்பெண்

சென்ற மாதம் ஓர் இளம் விரிவுரையாளர் என்னைத் தேடிக் கூடுவாஞ்சேரிக்கு வந்திருந்தார். அவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் கல்விப் புலத்தின் துறைகளை ஒன்றோடு ஒன்று சேர்க்கப்போகிறார்களாம். உளவியல் துறைக்கும் கற்பித்தல் முறைத் துறைக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை என்றார். "உங்க காலத்துல துறைகளை எப்படி சார் பிரிச்சு வச்சிருந்தாங்க?" என்று கேட்டார்.

அலமாரி வைத்துப் பிரித்திருந்தோம் என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஐம்பதுகளில் நான் சேர்ந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி செங்கல்பட்டில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. ஆசிரியர்களுக்கு ஒரே நீண்ட அறை. அதன் குறுக்கே மூன்று அலமாரிகள். முதல் அலமாரிக்குப் பின்னால் கல்விக் கோட்பாடும் வரலாறும். இரண்டாவதன் பின்னால் சைக்காலஜி. ஜன்னலோரம் மெத்தட்ஸ், அதாவது கற்பித்தல் முறை. ஒரு துறையில் இருமினால் மற்ற இரண்டு துறைக்கும் கேட்கும்.

என் சொந்த ஊர் கடப்பாக்கம். அத்தா கருவாட்டு வியாபாரம். சென்னையில் பி.ஏ. முடித்து, அந்தக் காலத்து ஆசிரியர் பட்டமான பி.டி. முடித்து, மூன்று வருடம் ஒரு பள்ளியில் கணக்கு நடத்திவிட்டு இந்தக் கல்லூரிக்கு வந்தேன். ஆள் பற்றாக்குறையால் என்னை இரண்டாகப் பங்கு போட்டார்கள். முற்பகலில் சைக்காலஜி, பிற்பகலில் மெத்தட்ஸ். இரண்டு தலைவர்களுக்கும் நான் ஒருவனே உதவியாளன்.

சைக்காலஜியின் தலைவர் ருக்மணி அம்மாள். வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார். மெத்தட்ஸின் தலைவர் சாமுவேல் சார் இதற்கு நேர்மாறு. முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியர்களை உருவாக்கியவர். கற்பித்தல் முறை பற்றி அவர் எழுதிய கையேடு அப்போது பல கல்லூரிகளில் பாடம்.

அவர் ஒரு பயிற்சிப் பாடத்தைப் பார்வையிடும் விதத்தைச் சொல்ல வேண்டும். மாணவ ஆசிரியர் மூன்று நாள் முன்பே பாடக்குறிப்பு எழுதித் தந்துவிட வேண்டும். சார் அதைப் படித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார். கடைசி பெஞ்சில் குழந்தைகளோடு குழந்தையாக உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். கையில் ஒரு பென்சில்; ஒரு முனை நீலம், மறுமுனை சிவப்பு. நல்லதை நீலத்தில் எழுதுவார், திருத்தத்தைச் சிவப்பில். பாடம் எவ்வளவு மோசமாகப் போனாலும் நடுவில் வாய் திறக்கமாட்டார். மணி அடித்த பிறகு அந்த ஆளை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய், "நீயே சொல்லு, எப்படி இருந்தது?" என்று கேட்பார். அவன் சொல்லி முடித்த பிறகுதான் தாளைக் காட்டுவார். யாரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை.

மதிப்பெண் தாளில் ஏழெட்டுத் தலைப்புகள் உண்டு. பாடத் தயாரிப்பு, கேள்வி கேட்கும் திறன், கரும்பலகை வேலை, இப்படி. அதில் ஒன்று குரல். குரலுக்குப் பத்து மதிப்பெண். ஆசிரியனுக்குக் குரல்தான் முதல் கருவி என்பது சாருடைய கையேட்டில் முதல் அத்தியாயத்து முதல் வாக்கியம்.

அந்தத் தாளில் ஏழுமலை வந்து மாட்டினான்.

வேடந்தாங்கலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் விவசாயக் குடும்பம். அந்த ஊரிலேயே முதல் பட்டதாரி. கணக்கில் நல்ல மதிப்பெண். சேர்க்கை நேர்காணலில் பெயர்களைக் கூப்பிட்டு விண்ணப்பங்களை எடுத்து வைப்பது என் வேலை. அவன் வந்து நின்றான். முதல்வர் பெயரைக் கேட்டார். அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. இடது கைக் கட்டைவிரல் மோதிர விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. "ஏழுமலை சார். வேடந்தாங்கல் பக்கம். கணக்குல முதல் வகுப்பு" என்று நானே சொல்லிவிட்டேன். முதல்வர் விண்ணப்பத்தைப் பார்த்தார். இரண்டு கேள்வி கேட்டார். ஆமாம், இல்லை என்று தலையாட்டியே அவன் தப்பித்தான். இடம் கிடைத்தது.

ஆகஸ்டில் அவனுடைய முதல் பாடம். மூன்றாம் பாரம், இப்போதைய எட்டாம் வகுப்பு. பின்னால் சாமுவேல் சார், பக்கத்தில் நான், எங்களுக்கு முன்னால் சக மாணவ ஆசிரியர்கள் பதினெட்டுப் பேர், குறிப்பெடுக்கப் பென்சிலோடு. "இன்று நாம்" என்று தொடங்க வேண்டும். 'இ'யிலேயே நின்றுவிட்டான். குழந்தைகள் முதலில் பயந்துபோய்ப் பார்த்தார்கள். பிறகு எங்கோ ஒரு மூலையில் யாரோ அதே மாதிரி 'இ... இ...' என்றார்கள். வகுப்பே வெடித்தது. ஏழுமலை கரும்பலகைப் பக்கம் திரும்பி, தான் ஒன்றுமே எழுதாத பலகையை நன்றாகத் துடைத்துவிட்டு, வெளியே போய்விட்டான்.

சாருடைய தாளில் தேதி மட்டும் இருந்தது. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை.

"காதர், அவனை ஊருக்கு அனுப்பிடலாம்" என்றார் சார் என்னிடம், ஆசிரியர் அறைக்குள் நடந்துகொண்டே. "இப்பவே சொல்லிட்டா வேற வேலை தேடிக்குவான். கணக்கு தெரிஞ்ச பையன், ஆபீஸ்ல எங்கயாவது சேர்ந்துடுவான். இங்க வச்சுக்கிட்டா வாழ்க்கை முழுக்க தினம் அஞ்சு பீரியட் சிரிப்பாங்க. அது பாவம்."

இதைக் கேட்டதும் ருக்மணி அம்மாள் அலமாரியைச் சுற்றி வந்துவிட்டார். "எந்த விதியில அனுப்புறீங்க? எழுதிக் கொடுங்க. ஒரு பாடத்தைப் பார்த்துட்டு ஆளை அனுப்பறதுக்கு நாம என்ன சினிமாவுக்கா ஆள் எடுக்கிறோம்?"

"அம்மா, நீங்க அவன் மனசைப் பார்க்கறீங்க. நான் அவன் நிக்கப்போற வகுப்பைப் பார்க்கறேன்."

"ரெண்டும் வேற வேற அலமாரியா சார்?"

நான் நடுவில் நின்றிருந்தேன். அன்று மாலை சார் தனியாக இருந்தபோது போய், நேர்காணலில் நான் செய்ததைச் சொன்னேன். அவன் பெயரை நான் சொல்லியிருக்காவிட்டால் அன்றே தெரிந்திருக்கும். தவறு என்னுடையது என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் அதே மேசையிலதானே உட்கார்ந்திருந்தேன்? எனக்கும் தெரிஞ்சுது. நீ சொல்லிட்ட, நானும் விட்டுட்டேன். நாம ரெண்டு பேரும் இரக்கப்பட்டோம். இப்ப கஷ்டப்படறது அவன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நவம்பர்ல பிளாக் டீச்சிங் வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

பிளாக் டீச்சிங் என்றால் நான்கு வாரம் ஒரே பள்ளியில் தங்கி, தினமும் பாடம் நடத்த வேண்டும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கு ஆறு பேரை அனுப்பினார்கள். மேற்பார்வைக்கு நான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். பள்ளியில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள், கடைத்தெரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், உள்ளே இருந்து நடந்து வரும் விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள். மழைக்காலம். ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டே இருக்கும்.

ருக்மணி அம்மாள் ஏழுமலைக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். வார்த்தைகளை ராகம் போட்டு இழுத்துச் சொன்னால் திக்காது. தனியாகச் சொல்லும்போது உண்மையிலேயே திக்கவில்லை. முதல் நாள் வகுப்பில் அப்படியே பேசினான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சார் பாட்டு கிளாஸா?" என்று ஒரு குரல்.

மறுநாள் நான் வகுப்புக்குள் போனபோது அவன் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தான். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

'எனக்குத் திக்கும். சில சமயம் ஒரு வார்த்தைக்கு நேரமாகும். அது வரும். காத்திருங்கள். சிரிக்க வேண்டுமானால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.'

எழுதிவிட்டுத் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இதைச் செய்யச் சொல்லி அவனிடம் யாரும் சொல்லவில்லை. எந்தக் கையேட்டிலும் இல்லை. பிள்ளைகளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. முன்வரிசையில் மைமூன் என்றொரு பெண் எழுந்தாள்.

"இன்னா சார், அப்போ பாடம் எல்லாம் எழுதிக்கினே இருப்பீங்களா?"

"கொ... கொ... கொஞ்சம் பேசுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு யாரும் அதிகமாகச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

வட்டத்தின் சுற்றளவு பாடம். அவன் ஒரு நூல்கண்டை மேசைமேல் வைத்தான். நாளைக்கு ஆளுக்கொரு வட்டமான பொருள் கொண்டு வாருங்கள் என்று பலகையில் எழுதினான். டின் மூடி, பானை, கிணற்று ராட்டினம் என்று வந்து குவிந்தது. ஒருவன் மாட்டுவண்டிச் சக்கரத்தையே உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். நூலால் சுற்றி அளந்தார்கள், குறுக்கே அளந்தார்கள், வகுத்தார்கள். எதை அளந்தாலும் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. "இன்னாடா இது, சக்கரத்துக்கும் அதேதான் கீது, மூடிக்கும் அதேதான் கீது!" என்று ஒருவன் கத்தினான். அந்த வகுப்பில் ஏழுமலை பேசியது மொத்தமே பத்துப் பன்னிரண்டு வாக்கியம் இருக்கும். நான் பி.டி. முடித்து நடத்திய மூன்று வருடத்தில் எந்த வகுப்பும் எனக்கு அப்படிக் கத்தியதில்லை. பிள்ளைகள் கத்தும்படி நான் இடம் விட்டதில்லை, நானே பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் சாமுவேல் சார் சொல்லாமல் வந்தார். மழையில் நனைந்த குடையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கடிகாரம் மேசைக்கு வந்தது.

அன்று ஏழுமலைக்கு நல்ல நாள் இல்லை. சாரைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. பாதிப் பாடத்தில் 'விட்டம்' என்ற சொல்லில் நின்றான். நின்றான் என்றால் அப்படியே நின்றான். கட்டைவிரல் தேய்த்துக்கொண்டிருந்தது. நடுவரிசையில் ஒருவன், "விட்..." என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தான். மைமூன் திரும்பி, "தே, சும்மா இரு. சார் சொல்லுவாரு" என்றாள்.

வகுப்பு காத்திருந்தது. யாரும் நெளியவில்லை, யாரும் அவன் முகத்தையே முறைத்துப் பார்க்கவும் இல்லை. நூலைப் பிடித்தவன் நூலைப் பிடித்தபடி இருந்தான். சொல் வந்தது. பாடம் நடந்தது. நேர்காணலில் என்னால் அரை நிமிடம் காத்திருக்க முடியாமல் போனது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளியே தாழ்வாரத்தில் சார் வழக்கம்போல, "எப்படி இருந்தது?" என்று கேட்டார். ஏழுமலை சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. சார் தாளைக் காட்டினார். முழுக்க நீலம். குரல் என்ற இடத்தில் மட்டும் பத்துக்கு இரண்டு.

செங்கல்பட்டில் ருக்மணி அம்மாள் தாளைப் பார்த்துவிட்டுக் கொதித்தார். "இவ்வளவும் எழுதிட்டு ரெண்டா?"

"ரெண்டுதான். பொய் எழுதமாட்டேன். மத்ததெல்லாம் அவன் வாங்கின மார்க். கூட்டிப் பாருங்க, பாஸ்."

கல்லூரியில் பாஸ். ஆனால் இறுதிச் செய்முறைத் தேர்வுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளித் தேர்வாளர் வருவார். மார்ச்சில் வந்தார். பழக்கமில்லாத பள்ளி, பழக்கமில்லாத வகுப்பு, அதற்குள் வெயில். ஏழுமலை உள்ளே போனதும் கரும்பலகையில் தன் வரிகளை எழுத ஆரம்பித்தான். இரண்டாவது வரியில் தேர்வாளர், "இது பாடக்குறிப்பில் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினான். "அப்ப அழிச்சிட்டுப் பாடத்தை ஆரம்பி."

அழித்தான். ஆகஸ்டில் நடந்ததேதான் நடந்தது. இந்த முறை அவன் வெளியே ஓடவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். மணி அடிக்கும் வரை நின்றான். நூல்கண்டு பிரிக்கப்படாமலே மேசைமேல் இருந்தது.

சாமுவேல் சார் தேர்வாளரை வராந்தாவில் மறித்தார். "ஒரு நாள் கொடுங்க. அதே வகுப்புக்கு நாளைக்கும் போகட்டும். பிள்ளைங்களுக்கு அவனைப் பழகணும்."

"சார், எல்லாருக்கும் ஒரு பாடம்தான். இவனுக்கு மட்டும் ரெண்டா?"

"மத்தவங்களுக்கு முதல் நிமிஷமே பாடம் ஆரம்பிச்சுடுது. இவனுக்கு ஆரம்பிக்கவே இல்ல. நீங்க இவன் பாடத்தைப் பார்க்கவே இல்ல." சாருடைய குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

தேர்வாளர் கெட்டவர் இல்லை. குழப்பத்தோடு சாரைப் பார்த்தார். "குரல்தான் முதல் கருவின்னு உங்க புத்தகத்துலதானே சார் படிச்சேன்? அதை வச்சுத்தானே நான் இத்தனை வருஷமா மார்க் போடறேன்?"

சார் வழிவிட்டு ஒதுங்கினார். ஏழுமலை தோற்றான்.

ஊருக்குப் போனவன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. மறுபடி தேர்வு எழுத ஜனவரியில் விண்ணப்பம் போட வேண்டும். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் சாரே, "வா காதர், போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றார். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடந்தோம். சார் கோட்டோடு நடந்தார். ஏரி நிறைந்திருந்தது, தண்ணீருக்குள் நின்ற மரங்களில் இலை தெரியாதபடி பறவைகள். அந்த இரைச்சலில் நாங்கள் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

ஏழுமலை வயலில் இருந்தான். எங்களைப் பார்த்ததும் சேற்றோடு கரையேறினான். அவனுக்கு முன்னால் அவனுடைய அம்மா வந்துவிட்டார்.

"இன்னாத்துக்கு சார் வந்துகிறீங்க? எம் புள்ளைய இன்னொரு தபா நிக்க வச்சு சிரிக்கவா? அவன் வூட்டுக்கு வந்து ஒரு மாசம் எங்கூடகூடப் பேசல சார்."

சார் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஆமாம்மா. அவனை மொதல்ல அனுப்பிடணும்னு சொன்னவன் நான்தான். அவன் தோத்ததும் என் புத்தகத்தாலதான். அதைச் சொல்லத்தான் வந்தேன்." பிறகு ஏழுமலையிடம் திரும்பினார். "பிப்ரவரி முழுக்க நீ தேர்வுப் பள்ளிக்கூடத்துல வந்து பாடம் எடு. ஹெட்மாஸ்டர்கிட்ட பேசிட்டேன். எந்தத் தேர்வாளர் வந்தாலும் பிள்ளைங்க உன்னைத் தெரிஞ்சவங்களா இருப்பாங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் சத்தியம் பண்ண முடியாது. வரணுமா வேணாமான்னு நீ சொல்லு."

ஏழுமலை பதில் சொல்ல நேரமாயிற்று. நாங்கள் மூவரும் நின்றோம்.

"வ... வரேன் சார்" என்றான். பிறகு அம்மாவைப் பார்த்து, "அறுப்பு மு... முடிச்சிட்டுப் போறேம்மா."

அந்த அம்மா வீட்டுக்குள் போய் எங்களுக்கு மோர் கொண்டு வந்தார்.

மார்ச்சில் வேறொரு தேர்வாளர் வந்தார், வயதான அம்மையார். ஏழுமலை அந்த வரிகளை எழுதத் தேவையே இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு அவனைத் தெரிந்திருந்தது. தேறினான். ஒரு கடலோரப் பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்து அதே வேலையில் ஓய்வு பெற்றான். தலைமையாசிரியர் பதவி இரண்டு முறை அவனைத் தாண்டிப் போயிற்று. காலைக் கூட்டத்தில் பேச வேண்டியிருக்கும் என்று காரணம் சொன்னார்களாம். அது அவனுக்கு வருத்தம்தான். இல்லை என்று நான் எழுதினால் பொய்யாகும்.

ஏழுமலையின் தேர்வு முடிவு வந்த அந்த ஜூன் மாதம் சாமுவேல் சார் ஓய்வு பெற்றிருந்தார். பத்திரிகையில் அவனுடைய தேர்வு எண்ணைப் பார்த்ததும் காலையிலேயே அவர் வீட்டுக்கு ஓடினேன். அவரும் பார்த்திருந்தார். சந்தோஷப்படுவார், கை குலுக்குவார் என்று நினைத்துப் போன எனக்கு, அவர் முகம் புரியவில்லை. உட்காரச் சொன்னார்.

"காதர், இவனுக்கு முன்னால எத்தனை பேரை நான் ஊருக்கு அனுப்பியிருக்கேன் தெரியுமா?"

"சார்..."

"யாரையும் திட்டி அனுப்பலை. தோள்ல கை போட்டு, நல்லவிதமா சொல்லி அனுப்பினேன். எல்லாருமே எனக்கு நன்றி சொல்லிட்டுப் போனாங்க."

ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். மதுராந்தகத்திலிருந்து வந்த, சன்னக் குரல் கொண்ட ஒரு விதவைப் பெண். ஒரு காது கேட்காத ஒரு தமிழ்ப் பட்டதாரி. வகுப்பைப் பார்த்தாலே கை நடுங்கிய ஒருவன். அவர்கள் எந்த வருடம் வந்தார்கள், எந்த மாதம் போனார்கள் என்பதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் தெரியவில்லை. நான்காவது ஆளுடைய பெயர் அவருக்கு வரவில்லை. காஞ்சிபுரம் பக்கம், நல்ல உயரம், கரும்பலகையில் அழகாகப் படம் போடுவான் என்றார். பெயரை யோசித்துக்கொண்டே இருந்தார். அவருடைய மனைவி கொண்டு வந்து வைத்த காப்பி ஆறிப்போயிற்று. நானும் எழுந்து போகாமல் காத்திருந்தேன்.